சூரை மீன் மிதப்பதில்லை

சென்ற ஆண்டு வெளிவந்த நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில், "மிதத்தலின் மேன்மை" என்னுந் தலைப்புடன் யான் எழுதிய கட்டுரையொன்று இடம்பெற்றமை அன்பர் சிலர்க்கு நினைவிருக்கலாம். அது முதற்கண் தமிழ்க் கழகப் பேச்சுப் போட்டியில் சொற்பொழிவாக நிகழ்ந்து பரிசும் பெற்றது. அதன் கருத்து வருமாறு: மாந்தராகிய நாம் வாழ்க்கையென்னும் நீர்ப்பரப்பில் ஓயாது கைகால்களை அடித்துக் களைத்து வருந்துகின்றோம், மீன்களோ அங்ஙனம் வருந்துவதில்லை, இரை தேடும் பொழுதும் பகைக்கு அஞ்சி ஓடும் பொழுதுமன்றி, மற்றைப் பொழுதெல்லாம் தம் உடற்பாரத்தை நீரின்மேல் வைத்து அமைதியாய் மிதந்திருக்கின்றன, ஆதலின் நாமும் மிதக்கக் கற்றல் வேண்டும் என்பதே. இக்கருத்தை வலியுறுத்தும் பொருட்டு, "ஏரியிலுள்ள கெண்டை முதலாக ஆழ்கடலிலுள்ள சூரை ஈறாக" என்றொரு தொடரை அதில் அமைத்திருந்தேன். அஃது ஓசையின்பம் பற்றி அமைத்த தொடர். அதன் முற்பாதி மெய்; பிற்பாதி பொய். அப்பொய் என் பெயருடன் அச்சேறி, நம் நூல்நிலையத்தில் கட்டடஞ் செய்யப்பெற்று வீற்றிருக்கின்றது. ஆதலின், இவ்வாண்டு மலருக்கு வேறு பொருள்பற்றி எழுத எண்ணியிருந்தும், அதனை ஒத்திவைத்து இத்திருத்தத்தை எழுதத் துணிந்தேன்.

பிழையென்று எடுத்துரைத்தவர் பேராசிரியர் எவருமல்லர்; மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூரினின்று வந்து முதலாண்டு வகுப்பிற் பயிலும் இளைஞன் ஒருவன். சொற்பொழிவு முடிந்து, வினவ விரும்புவோர் வினவலாமென்று தலைவர் அறிவித்தபொழுது அவன் பின்வரிசையில் எழுந்து நின்று, "அண்ணா, சூரை மிதக்காது, நின்றால் ஆழ்ந்துபோகும், அதனால் அது நிற்பதேயில்லை" என்றான். அவையோர் நகைத்தனர். "மீனும் நீரில் மூழ்கிச் சாகுமோ?" என்று ஒருவர் உரக்க வினவினார். யானும் அந்நகைப்பை வளர்க்கக் கருதி, "தம்பி, உங்களூர் மீனுக்கு நீந்தக் கற்பித்த ஆசிரியர் யாவரோ?" என்றேன். அவை மீண்டும் நகைத்தது. அவன் மறுமொழி கூறாது அமர்ந்தான். எனக்குப் பரிசு வாய்த்தமைக்கு அந்நகைப்பும் ஒரு காரணமென்பதை இன்று மறைத்தற்கில்லை.

நிற்க, வழக்கின் பொருளைச் சிறிது தெளிவுபடுத்துவோம். மிதத்தல், நீந்தல், ஆழ்தல் என்னும் மூன்றும் நீரொடு தொடர்புடைய வினைகள். மிதத்தற்கு முயற்சி வேண்டுவதில்லை. சருகு மிதக்கின்றது, கட்டுமரம் மிதக்கின்றது, துடுப்பிடுவார் இல்லாதவழியும் அது மிதந்துகொண்டே நீரோட்டம் ஈர்த்த திசையிற் செல்லும். நீந்தலோ முயற்சியுடையார் வினை. முயற்சி நின்றவிடத்து நீந்தல் நிற்கும். திருவள்ளுவர் தம் நூலின் முதலதிகாரத்திற் பிறவியைக் கடலாக உருவகித்தபொழுது, அதனைக் கடத்தற்கு ஆண்ட வினை நீந்தலேயன்றி மிதத்தலன்று. அவ்வதிகாரத்தைச் சிறுபருவத்திலேயே மனனஞ் செய்திருந்தும், தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயின்றும், இவ்விரு வினைகளையும் ஒன்றாகக் குழப்பினேன். குழப்பம் பிறந்த இடத்தை ஆராய்ந்து பார்த்தால், அஃது எங்களூர்க் கொளவாய் ஏரியேயாம்.

யான் செங்கற்பட்டு நகரிற் பிறந்து வளர்ந்தவன். புகைவண்டியிற் செல்வோர் எங்களூர் நிலையத்தை அணுகுங்கால் சாளரத்தின் புறத்தே பரந்து தோன்றும் நீர்ப்பரப்பே கொளவாய் ஏரி. அதன் கரையில் தூண்டிலுடன் அமர்ந்து யான் கழித்த மாலைப்பொழுதுகள் பல. தெளிந்த நீரிற் கெண்டை அசைவற்று நிற்கும். மார்புத் துடுப்புக்கள் மட்டும் சிறிதே அசையும். விரால் தன் குஞ்சுகளைக் காத்துக்கொண்டு ஒரே இடத்தில் நெடும்பொழுது நிற்பதையும் கண்டிருக்கின்றேன். கண்ட இக்காட்சிகள் மெய்யே. ஆயின், ஏரியிற் கண்டதைக் கடலுக்கும் உரியதாக்கினேன்; கெண்டையினிடத்துக் கண்டதைச் சூரைக்கும் ஏற்றினேன். இதுவே என் பிழை.

கெண்டை அங்ஙனம் நிற்பது எவ்வாறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1000 கிராம். கடல்நீராயின் உப்பின் மிகுதியால் ஏறத்தாழ 1025 கிராம். மீனின் தசையோ அதே அளவுக்கு 1050 கிராமிற்குக் குறையாது. எலும்பு அதனினும் கனமுடையது. தான் விலக்கிய நீரின் எடையினும் மிக்க எடையுடைய பொருள் ஆழுமென்பது ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்கப் பேரறிஞர் கண்ட உண்மை, அவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டினர். இவ்வுண்மைப்படி நோக்கின், தசையும் எலும்புமே உடலாக உடைய மீன் எதுவும் நீரில் நிற்றல் இயலாது. அடியிற் சென்று தங்கவே வேண்டும். இக்குறையைத் தீர்க்க மீன்கள் பலவற்றின் முதுகெலும்பின் கீழே காற்றுப்பை ஒன்று அமைந்துள்ளது. அது உடலின் பருமனைப் பெருக்கி எடையைப் பெருக்காது விடுதலின், மீனும் நீரும் நிறைகோலின் இரு தட்டுக்களைப் போற் சமனாகின்றன. கெண்டைக்கு அப்பையினின்று உணவுக்குழாய்க்குச் செல்லும் சிறு குழல் ஒன்றுண்டு. அதன் வாயிலாகக் காற்றை விழுங்கவும் வெளிவிடவும் அதற்கு இயலும். வேறு பல மீன்களில் அக்குழல் இல்லை. குருதியினின்றே காற்றைப் பிரித்துப் பையில் நிரப்பும் சுரப்பி உண்டு. எனவே, கெண்டை முயற்சியின்றி நிற்கின்றது என்று யான் வியந்தது அதன் மனவமைதியன்று. அதன் வயிற்றிலுள்ள பையே.

இனிச் சூரையின் செய்திக்கு வருவோம். பொங்கல் விடுமுறை வந்தபொழுது, அவ்விளைஞனை அவன் ஊரிற் கண்டு உண்மையறிய விழைந்தேன். என் நகைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளாது, "வாருங்கள் அண்ணா, அப்பாவே காட்டுவார்" என்று அவன் உடன்பட்டான். செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முதற்பேருந்தில் ஏறிச் சென்றேன். கடற்கரைக் கோயிலைக் காண வந்த பயணிகள் பலர் கோபுரத்தை நோக்கி நின்றனர்; அதற்கு அப்பால் மணலிற் படகுகள் கரையேறுவதை நோக்குவார் சிலரே. யானும் இதற்குமுன் பலகாற் சென்று கோபுரத்தை மட்டும் நோக்கித் திரும்பியவனே.

இக்காலத்தில் அக்கரையிற் கட்டுமரம் அரிதாகிவிட்டது. இயந்திரம் பொருத்திய பைபர் படகுகளே மிகுதி. இளைஞனின் தந்தையார் இரவெல்லாம் கடலிலிருந்து அப்பொழுதுதான் கரையேறியிருந்தார். வலையினின்று மீன்களைக் கழற்றிக்கொண்டே, "வாங்க தம்பி, சூரை மிதக்குமென்று எழுதியது நீங்கள்தானா?" என்று புன்னகையுடன் வினவினார். எனக்கு நாணமாயிற்று. அவர் சூரை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். இருமுனையும் ஒடுங்கி நடுவிற் பருத்த, நூல் நூற்கும் கதிர் போன்ற வடிவம். கருநீல முதுகிற் சாய்ந்து நெளியும் கோடுகள். மார்புத் துடுப்பின்கீழ்ச் சில கரும்புள்ளிகள். இப்புள்ளிகளே எங்கள் கரைச் சூரைக்கு அடையாளமென்றான் இளைஞன். 1849ஆம் ஆண்டில் தியோடர் கேன்டர் என்னும் இயற்கைநூலார் விளக்கியுரைத்ததும், யூதின்னஸ் அஃபினிஸ் என்று இன்று விலங்கியலார் வழங்குவதும் இம்மீனே.

பின்னர், கடல்நீர் நிறைந்த பெருந்தொட்டியொன்றில் அவன் அச்சூரையை இட்டான். அது ஒரு கணமும் தங்காது அடியிற் சென்று படுத்தது. அடுத்துக் கத்தாழை மீன் ஒன்றை இட்டான்; அது ஒருக்களித்து மேலே மிதந்தது. இரண்டையும் எடுத்து அவன் தந்தையார் வயிற்றைக் கீறிக் காட்டினார். கத்தாழையின் முதுகெலும்பின்கீழ் வெண்ணிறப் பை ஒன்று தெளிவாய்த் தோன்றிற்று. கத்தாழைக் குடும்பத்தையே சார்ந்த கூறல் மீனில் அப்பை மிகப் பெரிதென்றும், அதனை நெட்டியென வழங்குவரென்றும், மீனினும் அந்நெட்டிக்கே விலை மிகுதியென்றும் அவர் உரைத்தார். நீரில் மிதக்கும் நெட்டிச் செடியின் பெயரை மீனை மிதக்கச் செய்யும் உறுப்புக்கு இட்டு வழங்கிய அறிவை எண்ணி வியந்தேன். அடுத்துச் சூரையின் வயிற்றினுள் எவ்வளவு தேடியும் அத்தகைய பை ஒன்றும் காணப்படவில்லை. என் கட்டுரையின் பிற்பாதி அத்தொட்டியின் அடியிலேயே கிடந்தது.

"மிதக்கும் பை இல்லையென்றால் அதற்கு எவ்வளவு துன்பம்!" என்றேன். அதற்கு அவர், "துன்பம் ஒன்றுமில்லை தம்பி, ஓடமுடியாமற் போனால்தான் அதற்குத் துன்பம். வலையிற் சிக்கிய கத்தாழை நெடுநேரம் துடிக்கும். சூரை அவ்வளவு நேரம் தாங்காது. ஓட்டம் நின்றால் மூச்சும் நின்றுவிடும்" என்றார். இச்சொற்களில் இரண்டாவதாக ஓர் உண்மை அடங்கியிருத்தலை அப்பொழுது யான் முற்றும் உணர்ந்திலேன். கல்லூரிக்குத் திரும்பி விலங்கியல் நூல்களைப் புரட்டிய பின்னரே உணர்ந்தேன்.

மீன்கள் செவுள்களால் உயிர்க்கின்றன. நீரிற் கலந்துள்ள உயிர்க்காற்றைச் செவுளிலுள்ள குருதி ஏற்றுக்கொள்ளுதற்கு, அச்செவுள்களின்மீது நீர் ஓயாது பாய்தல் வேண்டும். கெண்டை போன்ற மீன்கள் வாயையும் செவுள்மூடியையும் மாறிமாறித் திறந்து மூடி, துருத்தியினாற் காற்றை ஊதுவது போல நீரைச் செலுத்துகின்றன. ஆதலின் நின்றவிடத்தே அவற்றிற்கு உயிர்த்தல் இயலும். சூரையினத்திற்கோ அத்துருத்தித் தொழிலால் உயிர்தாங்கும் ஆற்றல் இல்லை. அவை வாயைச் சிறிது திறந்தவண்ணம் முன்னோக்கிச் செல்ல, எதிர்ப்படும் நீர் தானே வாயிற் புகுந்து செவுள்களின்மீது பாய்ந்து வெளியேறுகின்றது. ஓட்டமே அவற்றிற்குத் துருத்தி. ஆகவே சூரை நில்லாமைக்குக் காரணம் இரண்டு: நின்றால் ஆழும், நின்றால் மூச்சடையும். அவையில் ஒருவர், "மீனும் நீரில் மூழ்கிச் சாகுமோ?" என்று நகைத்தாரன்றோ? சாகும் என்பதே விடை. செவுள்வலையிற் சிக்கி அசையாது நிற்கும் சூரை நீரின் நடுவே மூச்சின்றி மாய்கின்றது.

பையில்லாத இம்மீன் அடியில் வீழாது செல்வது எங்ஙனம் எனின், ஆகாயவிமானத்தை நினைவுகொள்க. விமானமும் காற்றினும் கனமானதே; ஓடுகின்ற வேகத்தில் அதன் சிறகுகள் அதனை மேலே தாங்குகின்றன. சூரையின் மார்புத் துடுப்புக்கள் அத்தொழிலையே புரிகின்றன. மெல்லச் செல்லும்பொழுது அது துடுப்புக்களை அகல விரிக்கின்றது. விரைந்து செல்லும்பொழுது அவற்றை உடலோடு ஒட்ட மடக்கிக்கொள்கின்றது. ஜான் மாக்னசன் என்னும் அமெரிக்க அறிஞர் ஹவாய்த் தீவில் நம் கரைச் சூரையாகிய இவ்வினத்தையே ஆராய்ந்து, 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இச்சமநிலையை விளக்கினார். காற்றுப்பையற்ற இம்மீன் ஒரு குறித்த வேகத்திற்குக் குறையாது சென்றுகொண்டிருந்தாலன்றி நீரிற் சமனாய் நிற்றல் இயலாதென்பது அவர் கண்ட முடிவு. இரை வேண்டாத பொழுதும், பகை இல்லாத பொழுதும், இரவும் பகலும் அதற்கு ஓட்டமே வாழ்வு.

அற்றேல், "யாம் படகிலிருந்து பார்த்தபொழுது சூரை அசைவின்றி மிதப்பதுபோற் கண்டோமே" என்பார் உளராயின், அவர் கண்டதிலும் ஒரு காரணம் உண்டு. விலாங்கு நீந்துங்கால் உடல் முழுவதும் வளைந்து நெளியும். சூரையின் உடலோ பெரும்பாலும் விறைப்பாகவே இருக்கும். பிறைமதி வடிவான வால் ஒன்றே விரைந்து அசையும். அவ்வசைவும் மேலிருந்து நோக்குவார்க்கு எளிதிற் புலப்படாது. பேருழைப்பு உழைப்பின்றித் தோன்றுதலுக்கு இஃதொரு சான்று. நம் விடுதியில் தேர்வுக்கு முன்னாளிற் சிரித்துப் பேசித் திரியும் சிலரை, "இவன் படிப்பதேயில்லை" என்று யாம் கூறுதலும் இத்தகையதே.

ஈண்டு நடுவுநிலையின் பொருட்டு மற்றொன்றும் கூறல் வேண்டும். சூரைக் குடும்பம் பெரிது. வரிச்சூரைக்கும் எங்கள் கரைச் சூரையைப் போலவே காற்றுப்பை இல்லை. மஞ்சட்டுடுப்புச் சூரைக்கோ பையுண்டு. இளமையில் அது மிகச் சிறிதாயிருந்து மீன் வளர வளரத் தானும் வளர்கின்றது. அத்தகைய பெருஞ்சூரைகட்கு ஆழுமென்னும் அச்சம் குறைவு. எனினும் மூச்சின்பொருட்டு அவையும் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆகவே, இளைஞன் கூறியது தன்னூர்ச் சூரையைப்பற்றி முழு உண்மை. அதன் பெரிய உறவினரைப்பற்றியும் "நிற்பதேயில்லை" என்ற பகுதி உண்மையே. யான் கூறியது எச்சூரைக்கும் பொருந்தாது.

"பை இல்லாமை குறையன்றோ? இயற்கை ஏன் இங்ஙனம் வஞ்சித்தது?" என்று வினவலாம். வஞ்சனை ஒன்றுமில்லை. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் மிகுகின்றது. மேற்பரப்பிற் காற்று நிரம்பிய பை, 10 மீட்டர் கீழே செல்லப் பாதியாய்ச் சுருங்கும். விரைந்து மேலெழின் மீண்டும் விரியும். காற்றைக் கூட்டிக் குறைத்துச் சமன்செய்யப் பொழுது வேண்டும். சிறுமீன் கூட்டத்தைத் துரத்தி மேலும் கீழும் மின்னலெனப் பாயும் சூரைக்கு அப்பொழுது ஏது? பையற்ற உடலோ எவ்வாழத்திற்கும் தடையின்றிச் செல்லும். ஒன்றை இழந்த இடத்தில் மற்றொன்றைப் பெற்றிருக்கின்றது.

இவ்வோயாத உழைப்பின் அடையாளம் நம் உணவுத்தட்டிலேயே உண்டு. சூரையின் பக்கங்களிற் கருஞ்சிவப்பான தசை ஓடியிருத்தலைப் பலரும் கண்டிருப்பர். "இஃது இரத்தம்" என்று அருவருத்து ஒதுக்குவாரும் நம் விடுதியில் உளர். அது அயராது தொழில் புரிதற்கென அமைந்த தசை. உயிர்க்காற்றைத் தேக்கிவைக்கும் செம்பொருள் அதன்கண் மிகுந்திருத்தலின் அந்நிறம் பெற்றது. அத்தசையின் ஓயாத வினையால் வெப்பமும் பிறக்கின்றது. குளிர்ந்த குருதிக் குழல்களும் வெம்மையுற்ற குருதிக் குழல்களும் பின்னலாய் அருகருகே ஓடி, அவ்வெப்பம் செவுள்வழி வீணே கழிந்துபோகாது காக்கின்றன. மீனெல்லாம் குளிர்ந்த உடலினவென்றே உலகம் எண்ணியிருந்த காலத்தில், 1835ஆம் ஆண்டில், இவ்வினத்து மீன்களின் உடல் சூழ்ந்த நீரினும் வெம்மையுடையதென்று எழுதியவர் ஜான் டேவி என்பார். அவர் இலங்கையிற் படை மருத்துவராய் இருந்தவர். ஹம்பிரி டேவி என்னும் புகழ்பெற்ற வேதியியல் அறிஞரின் தம்பியார். மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் வரிச்சூரையை அவித்துப் புகையிட்டு உலர்த்திச் செய்யும் மாசியை நம் அன்னையர் சம்பலுக்கு இடிக்கும்பொழுது, மரக்கட்டை போன்று தோன்றும் அத்துண்டு ஒருகாலத்தில் கணமும் நில்லாத உடலாயிருந்தது என்பதை யார் நினைப்பார்?

இத்துணையும் கேட்டபின் என் நண்பர் ஒருவர், "ஒரு மீனுக்காக இவ்வளவு வருந்துவானேன்? சொற்பொழிவில் உவமைதானே கூறினாய்? உவமைக்கு இலக்கியத்தில் உரிமையுண்டு" என்றார். அவர் கூற்றை யான் ஏற்றிலேன். கற்பனைக்கு உரிமையுண்டு, அறியாமைக்கு உரிமையில்லை. நெய்தலைப் பாடிய சங்கச் சான்றோர் புன்னையும் ஞாழலும் இறாவும் சுறவும் கண்ணாற் கண்டு பாடினர். ஆதலினாலேயே அவர் உவமைகள் இன்றும் வாடாதிருக்கின்றன. யான் கடலை 30 கிலோமீட்டர் தொலைவில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து நெய்தல் பேசினேன். அன்றியும், உவமை பொய்யாயினமையின் அதன்மேற் கட்டிய அறவுரையும் சாய்ந்துவிட்டது. "உயிர்களெல்லாம் மிதக்கின்றன, நீயும் மித" என்பதே என் அறவுரை. உயிர்களெல்லாம் மிதப்பதில்லையெனின் அவ்வுரைக்கு நிலைக்களம் ஏது?

பொய்யான உவமையால் கேடொன்றும் விளையாதென்பதும் பொருந்தாது. மிகச் சிறிய சூரை தூண்டிலில் அகப்பட்டால் அதனை மீண்டும் கடலில் விடுவார் சிலர். மீன் தானே மிதக்குமென்று நம்பி நீரின்மேல் மெல்லக் கிடத்துவார், அது மூச்சின்றி ஆழ்வதையே காண்பர். தலை முன்னாக நீரிற் பாயுமாறு விடுத்தால், வாயில் நீர் புகுந்து அது பிழைத்தற்கு வழியுண்டு. அருளுள்ளம் இருந்தும் அறிவு இல்லாவிடின் அருளும் பயன்படாது போகின்றது.

யான் மிகவும் நாணுவது வேறொன்றற்கு. அவ்விளைஞன் விடுமுறை நாட்களில் தந்தையாருடன் கடலுக்குச் செல்பவன். ஞாயிறு இரவு கடலிற் கழித்துத் திங்கட்கிழமை முதல் வகுப்பிற்கு வந்து சேர்வான். சிற்சில வேளை கண்ணயர்வான். "சிறிது ஓய்ந்திருக்கக் கற்றுக்கொள்" என்று அவனுக்கு அறிவுரை கூறியவருள் யானும் ஒருவன். என் தந்தையார் மாதந்தோறும் சம்பளம் பெறுபவர். என் கட்டணம் குறித்த நாளிற் செலுத்தப்படுகின்றது. ஒருமாதம் யான் ஒன்றுஞ் செய்யாதிருந்தாலும் ஆழ்ந்துபோகேன். எனக்குக் காற்றுப்பை உண்டு. அதனை யானே ஊதி நிரப்பினேனல்லேன், பிறப்பில் வாய்த்தது. அஃது உடையவன் இல்லாதவனை நோக்கி, "மிதத்தல் எவ்வளவு எளிது, பார்!" என்று மேடையேறிப் பேசினான், அதற்குப் பரிசும் பெற்றான். ஓய்வைப் பழிப்பது என் கருத்தன்று. விரால் நிற்பது அழகே. ஓய்வு எல்லார்க்கும் வேண்டுவதே. ஆயின், ஓய்வைப் போதிக்குமுன், கேட்பவன் நின்றால் அவனைத் தாங்குவது யாது என்று வினவுதல் வேண்டும். தாங்குவது ஒன்றுமில்லையெனின், அறவுரையைக் காட்டிலும் ஒரு கை கொடுத்தல் நன்று. முதல் வகுப்பில் அவன் கண்ணயரும் நாட்களில் பாடக்குறிப்புக்களைப் படியெடுத்து அவனுக்குத் தருதல் என்னால் இயன்ற சிறு கைத்துணை. இப்பருவத்தில் அதனைச் செய்துவருகின்றேன்.

நம் கல்லூரித் தோழர்கட்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நம் வகுப்புக்களில் கடற்கரையினின்றும், வயலினின்றும், தறியினின்றும் வந்தார் பலர் அமர்ந்திருக்கின்றனர். நூலில் இல்லாத செய்திகளை அவர்கள் அறிவர். சொற்களஞ்சியத்திற் புகாத சொற்களும் அவர்கள் நாவில் உண்டு. அவருள் ஒருவர் எழுந்து நின்று ஒன்றைக் கூறும்பொழுது, அது நமக்குப் புதிதாயிருத்தலே நகைத்தற்குப் போதிய காரணமன்று. ஹவாய்த் தீவிற் கண்டது மெய்யாயிற்றென்றால், கரையிற் பன்னெடுங்காலமாகச் சூரையை அறிந்தார் கூறியதும் மெய்யே. அச்சில் ஏறும்வரை உண்மை காத்திருப்பதில்லை.

பரிசாகப் பெற்ற நூலை அவ்விளைஞனிடம் கொண்டுசென்று, "இது உனக்கு உரியது" என்று நீட்டினேன். அவன் அதனைப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்து, "நூல் உங்களிடமே இருக்கட்டும் அண்ணா. மலரில் மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள், அப்பாவிடம் காட்டவேண்டும்" என்றான்.

ஆதலின் அன்பர்கள் அருள்கூர்ந்து, சென்ற ஆண்டு மலரில் என் கட்டுரையில், "ஏரியிலுள்ள கெண்டை முதலாக ஆழ்கடலிலுள்ள சூரை ஈறாக" என்றிருப்பதை, "ஏரியிலுள்ள கெண்டை முதலாக அவ்வேரியிலுள்ள விரால் ஈறாக" எனத் திருத்திப் படிப்பார்களாக.